படிநிலை வாசகங்களும் கற்போர் அகவையும்: வங்கச் சான்றுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

ஒரு மொழியின் எழுத்துகளை அறிந்துகொண்ட ஒருவர் அடுத்து எதைப் படிப்பது என்னும் வினா எளியதுபோல் தோன்றும். ஆனால் மொழி கற்றல் தொடர்வதும் இடையில் நின்றுபோவதும் பெரும்பாலும் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. கற்போரின் மொழித்திறனுக்கு ஏற்பச் சொல்லும் தொடரும் அளவிட்டு அமைக்கப்பெற்ற நூல்களை இக்கட்டுரை 'படிநிலை வாசகங்கள்' எனக் குறிக்கிறது. இவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது மொழித்திறன், அகவை என்னும் இரண்டையும் தனித்தனி அளவைகளாகக் கொள்ள வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

இக்கருத்தை ஆராயக் கொல்கத்தா ஏற்றதொரு களமாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்தர், கணக்கர், ஆசிரியர் முதலிய பணிகளை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் நகரின் தென்பகுதியில், குறிப்பாக லேக் மார்க்கெட்டையும் ராஷ்பிகாரி அவென்யூவையும் சூழ்ந்த தெருக்களில் குடியேறின. அக்குடும்பங்களின் இன்றைய தலைமுறையினர் ஆங்கிலம், வங்காளம், இந்தி ஆகியவற்றில் கல்வி பெறுகின்றனர். தமிழை வீட்டில் செவிவழி அறிகின்றனர். இவர்கள் ஒரு வகையினர். மருத்துவத்திற்காக வேலூருக்கும் சென்னைக்கும் செல்வதாலோ, பணியின் பொருட்டோ, இலக்கிய ஆர்வத்தாலோ தமிழ் கற்க விழையும் வங்காளிகள் மற்றொரு வகையினர். இவ்விரு வகையினர் கையிலும் பெரும்பாலும் தரப்படுவது ஒரே நூல்: தமிழ்நாட்டின் முதல் வகுப்புப் பாடநூல். பன்னிரண்டு அகவைச் சிறுமியும் நாற்பது அகவை வங்காளியும் ஐந்து அகவைக் குழந்தைக்கென எழுதப்பட்ட தொடர்களை ஒருங்கே படிக்க நேர்கிறது. இதன் விளைவை எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

1. சொற்கட்டுப்பாடும் வங்கமும்

படிநிலை வாசகம் பற்றிய இக்காலக் கோட்பாட்டின் வேர்களுள் ஒன்று வங்க மண்ணிலேயே ஊன்றியது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்கள் ஆங்கிலம் கற்கும் நிலையை ஆராய்ந்து எழுதிய இருமொழியம் பற்றிய நூல் 1926இல் கல்கத்தாவில் அரசு வெளியீடாக வந்தது. பள்ளியை இடையில் விட்டு நீங்கும் மாணவனுக்கும் பயன் தரக்கூடியது படிக்கும் திறனே என்பது அவர் துணிபு. அன்றைய வாசகங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் புதிய சொற்கள் செறிந்து கிடந்தமையையும், அவற்றுட் பல மாணவன் மீண்டும் காணாத அருஞ்சொற்களாக இருந்தமையையும் அவர் குறையாகக் கண்டார். புதிய சொல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது பழகிய சொற்களேனும் இருத்தல் வேண்டும் என்னும் அளவையை அவர் வலியுறுத்தினார். அவர் தொகுத்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் 1953இல் வெளிவந்தது.

பிற்கால ஆய்வுகள் இவ்வளவையைப் பெரிதும் உறுதிப்படுத்தின. ஹூ, நேஷன் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையைப் பிறர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள அதன் சொற்களுள் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருத்தல் வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்பதும் இதுவே.

சொற்கட்டுப்பாடு மட்டுமே வாசகத்தை நல்ல வாசகமாக ஆக்கிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. பிஜித் தீவுகளின் தொடக்கப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் ஆகியோர் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் சுவையான கதைநூல்கள் வகுப்புக்கு 250 அளவில் வழங்கப்பட்டன. அந்நூல்கள் ஒரே பாடத்திட்டத்தின்படி சொல் அளந்து எழுதப்பட்டவை அல்ல. குழந்தைகள் விரும்பிப் படிப்பவை என்பதே அவற்றின் தகுதி. எட்டுத் திங்களில் அம்மாணவர்கள் படித்தல், கேட்டல் ஆகிய திறன்களில் இயல்பான வேகத்தைப்போல் இரு மடங்கு முன்னேறினர். சொல்லளவு நூலைப் படிக்க இயல்வதாக்குகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டச் செய்வது வேறொன்று. அந்த வேறொன்றை விளக்க வங்காளத்தின் இரு முதல்நூல்களை ஒப்பிடுதல் பயன் தரும்.

2. வர்ணபரிசயும் சகஜ் பாட்டும்

ஈசுவர சந்திர வித்யாசாகரின் 'வர்ணபரிசய்' இரு பகுதிகளாக 1855இல் வெளிவந்தது. வங்காள நெடுங்கணக்கை அவர் சீர்திருத்தி, வழக்கிழந்த உயிரெழுத்துகளை நீக்கி, உயிர் 12, மெய் 40 என வரையறுத்தார். கூட்டெழுத்து இல்லாத சொற்கள் முதற்பகுதியிலும், கூட்டெழுத்துச் சொற்கள் இரண்டாம் பகுதியிலும் அமைகின்றன. எழுத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து இருசொல் தொடர், அதிலிருந்து சிறு பத்தி என ஏறும் ஒழுங்கு வியக்கத்தக்கது. படிநிலை என்பதன் இலக்கணம் அங்கு முழுமையாக உள்ளது.

ஆயின் அந்நூலின் உள்ளடக்கம் பெரும்பாலும் அறிவுரை. சொல்வதைக் கேட்கும் கோபால் நற்பையன். கேளாமல் விளையாடித் திரியும் ராக்கால் தீயபையன். வித்யாசாகரைப் பற்றிய தம் கட்டுரையில் இரவீந்திரநாத் தாகூர் இவ்விருவரையும் சுட்டி, வித்யாசாகரே தம் இளமையில் கோபாலைவிட ராக்காலையே ஒத்திருந்தார் எனக் காட்டுகிறார். இதனை நகைச்சுவையாக மட்டும் கொள்ளலாகாது. வாசகத்தின் ஆசிரியர் குழந்தையை எவ்வாறு கருதுகிறார் என்னும் திறனாய்வு வினா அதில் அடங்கியுள்ளது.

அதே தாகூர் 1912இல் நூலாக வந்த தம் வாழ்க்கை நினைவுகளில், எழுத்துக்கூட்டும் பயிற்சியின் அலைகளைத் தாண்டிய பருவத்தில், நீர் வீழ்வதையும் இலை அசைவதையும் கூறும் இரு சிறு தொடர்களைப் படித்தபோது பெற்ற மகிழ்ச்சியைப் பதிவு செய்கிறார். தமக்கு அது முதற்கவிதை என்கிறார். இயைபு, ஒரு காட்சி, முழுமையான பொருள் ஆகிய மூன்றையும் மிகக் குறைந்த சொற்களால் தர இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகிறது. தொடக்க நிலை வாசகம் சுவையற்றதாகவே இருக்கும் என்னும் கூற்று இதனால் மறுக்கப்படுகிறது.

இவ்வுணர்வின் கனியாக 1930இல் வெளிவந்தது தாகூரின் 'சகஜ் பாட்'. இதன் முதலிரு பகுதிகளுக்கும் நந்தலால் போஸ் படங்கள் வரைந்தார். இங்கும் முதற்பகுதியில் கூட்டெழுத்து இல்லை. இரண்டாம் பகுதியில் பாடத்திற்கு ஒன்றாகக் கூட்டெழுத்துகள் அறிமுகமாகின்றன. எழுத்து ஒழுங்கில் வித்யாசாகரின் நெறியே பின்பற்றப்படுகிறது. வேறுபாடு அந்த ஒழுங்கை மறைக்கும் திறத்தில் உள்ளது. செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் 'மங்கள்பார்', புதரைக் குறிக்கும் 'ஜங்கல்' ஆகிய சொற்களில் ஒரே கூட்டெழுத்து வருகிறது. அவ்வெழுத்தைப் பயிற்ற எழுதப்பட்ட பாடம், ஒரு செவ்வாய்க்கிழமையன்று ஊர்ப்புதரை அகற்றக் கூடும் மக்களைப் பற்றிய சிறு நிகழ்ச்சியாக விரிகிறது. படிக்கும் குழந்தை எழுத்தைக் காணவில்லை. வேலை நடப்பதைக் காண்கிறது.

மொழிவழக்கும் மாறியுள்ளது. 'வர்ணபரிசய்' நூலின் உரைநடை சாது எனப்படும் ஏட்டு வழக்கைச் சார்ந்தது. 1914இல் பிரமத சௌத்ரி தொடங்கிய 'சபுஜ் பத்ர' இதழின்வழி வலுப்பெற்ற சலித் வழக்கில், அதாவது பேச்சுக்கு நெருங்கிய வழக்கில், 'சகஜ் பாட்' அமைந்தது. எழுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் வங்காளக் குழந்தையின் காதுக்கும் கண்ணுக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது எனலாம்.

இவ்வளவு சிறந்த நூலும் வங்காளம் அறியாத ஒருவர்க்கு முதல் வாசகமாகப் பயன்படாது. அதன் கிராமச் சந்தையும் படகும் மாட்டுவண்டியும் பற்றிய சொற்களை வங்கக் குழந்தை முன்பே செவியால் அறிந்திருக்கும். நூல் அதற்குக் கற்பிப்பது எழுத்தை மட்டுமே. வேற்றுமொழியார்க்கோ எழுத்தும் சொல்லும் தொடரமைப்பும் ஒருங்கே புதியவை. தாய்மொழி முதல்நூலும் இரண்டாம் மொழி வாசகமும் வெவ்வேறு நூல்வகைகள் என்பதை இங்கு உணர வேண்டும். தமிழ்நாட்டு முதல் வகுப்புப் பாடநூல் கொல்கத்தாவில் தோற்பதற்கும் காரணம் இதுவே. அந்நூலின் தரம் இதில் குறைசொல்லத்தக்கதன்று. அது வேறொரு கற்போனுக்காக எழுதப்பட்டது.

3. தமிழ் முதல்நூல் மரபு

தமிழில் அகரவரிசையில் அமைந்த முதல்நூல் மரபு ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் ஆகியவற்றால் தொன்மை பெற்றது. ஆத்திசூடியின் அடிகள் மிகச் சிறியவை, நினைவில் நிற்பவை. எனினும் அவற்றின் சொற்செறிவும் பழஞ்சொல்லாட்சியும் உரையின்றி விளங்கா. மனப்பாடத்திற்கு ஏற்ற சுருக்கம் படித்துணர்தலுக்குத் தடையாகிறது. வித்யாசாகரின் சமகாலத்தவரான யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதத் தொடங்கிய 'பாலபாடம்' வரிசை, உரைநடையைப் படிப்படியாக உயர்த்திச் செல்லும் முயற்சியாகக் குறிப்பிடத்தக்கது. இருவரும் தாமே அச்சகம் நிறுவித் தம் நூல்களை வெளியிட்டனர் என்பதும் ஒப்புநோக்கத்தக்கது. நாவலரின் வரிசை சமய, ஒழுக்கப் பயிற்சியை முதன்மை நோக்கமாகக் கொண்டது. குழந்தையின் விளையாட்டுணர்வுக்கு இடமளித்த எழுத்துகள் இருபதாம் நூற்றாண்டில் அழ. வள்ளியப்பா போன்றோரால் வளம்பெற்றன. ஆயினும் அவை பாடல்களாகவே மிகுந்தன. படிநிலைப்படுத்தப்பட்ட கதை வாசகங்கள் அவ்வளவு பெருகவில்லை.

4. தமிழுக்குரிய அளவைகள்

வங்காளத்தில் கூட்டெழுத்து ஒரு படிநிலைக் கோடாக அமைகிறது. தமிழில் புள்ளியின் பயன்பாட்டால் அவ்விடர்ப்பாடு இல்லை. ஆகவே தமிழில் படிநிலையை வரையறுக்க வேறு அளவைகள் தேவை. மூன்றினை இங்குச் சுட்டலாம்.

4.1 ஒலி. வங்காளத்தில் ககர வரிசைக்கு நான்கு வல்லெழுத்துகள் உண்டு, தமிழில் ஒன்றே. கடல், தங்கம், அகம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறு ஒலி பெறுகிறது. தமிழ்க் குடும்பத்துக் குழந்தை சொல்லை அறிந்திருப்பதால் ஒலியைத் தானே பொருத்திக்கொள்கிறது. வங்காளியர்க்கு இடம் நோக்கி ஒலி மாறும் விதி பயிற்றப்பட வேண்டும். அவர்க்கான முதல் வாசகத்தில் சொற்கள் மொழிமுதல், மெல்லினத்தை அடுத்து, உயிரிடை என ஒலிச்சூழல் வரிசையில் வருதல் நன்று.

4.2 சொல். வெஸ்ட்டின் அளவை எழுத்தில் இடைவெளி விட்டுப் பிரிக்கப்படும் சொல்லை அலகாகக் கொண்டது. ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு அஃது அப்படியே பொருந்தாது. 'அவன் பூ பறித்தான்' என்பதில் மூன்று சொற்கள் உள்ளன. 'படிக்காமலிருந்திருக்கலாம்' என்பது ஒரே சொல்லாக எழுதப்படுகிறது. எண்ணிக்கையில் பின்னது எளிது. கற்போனுக்கு அதுவே கடினம். 2015இல் பிரதம் புக்ஸ் நிறுவனம் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் தமிழ், வங்காளம் உட்படப் பல மொழிகளில் கதைகளை இலவசமாகத் தருவது பாராட்டத்தக்க பணியாகும். அதன் கதைகள் 250, 600, 1500 சொற்கள் என்னும் எல்லைகளையொட்டி நான்கு நிலைகளாகப் பகுக்கப்படுகின்றன. இவ்வெல்லைகள் எல்லா மொழிகளுக்கும் பொதுவானவை. ஒட்டுகளால் சொற்றொகை சுருங்கும் தமிழில் ஒரு கதை உண்மையான கடுமையைவிடத் தாழ்ந்த நிலையில் வகைப்படுத்தப்பட வாய்ப்புண்டு. ஆசிரியர் நிலையெண்ணை மட்டும் நம்பாமல், ஒரு பக்கத்தில் எத்தனை வினையெச்சங்களும் துணைவினைகளும் வருகின்றன எனப் பார்த்தல் வேண்டும். தமிழ் வாசகத்திற்கு உருபன்களைக் கொண்டு அளவிடும் முறையே பொருத்தமானது.

எச்சொல் எளிது என்பதும் கற்போரைப் பொறுத்தது. நதி, நகரம், சந்தேகம், கவிதை, சங்கீதம், புத்தகம் போன்ற சொற்கள் வங்காளிக்குச் சிறிது ஒலிமாற்றத்துடன் முன்பே தெரிந்தவை. அவர்க்குரிய வாசகம் இவற்றில் தொடங்கி ஆறு, ஐயம், நூல் முதலியவற்றுக்கு நகரலாம். வீட்டுத் தமிழ் அறிந்த குழந்தைக்கு இவ்வரிசை பொருந்தாது. பொதுச்சொற்களில் ஏமாற்றுவனவும் உள. 'அவசரம்' தமிழில் விரைவைக் குறிக்கும். வங்காளத்தில் அதன் இணைச்சொல் ஓய்வைக் குறிக்கும். 'உபன்யாசம்' தமிழில் சொற்பொழிவு, வங்காளத்தில் நாவல். 'பிரசங்கம்' தமிழில் பேச்சு. வங்காளத்தில் பேசப்படும் பொருள். இத்தகு சொற்கள் பட்டியலாகத் தரப்படுவதைவிடக் கதையின் திருப்பத்தில் அமையுமாயின் கற்போர் மறவார்.

4.3 வழக்கு. இரட்டை வழக்கு தமிழ் வாசகத்தின் தலையாய சிக்கலாகும். லேக் மார்க்கெட் குழந்தை 'வர்றான்', 'எங்கிட்ட' என்பவற்றை அறியும். நூலில் 'வருகிறான்', 'என்னிடம்' என்பவற்றைக் காண்கிறது. தான் அறிந்த மொழியே தனக்கு அயலாகத் தோன்றுகிறது. வங்காளம் தன் முதல்நூலின் வழக்கையே மாற்றிக்கொண்டது. தமிழ் அவ்வாறு செய்ய வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. தமிழ்ச் சிறுகதையும் நாவலும் ஏற்கனவே ஒரு வழியைக் காட்டியுள்ளன: ஆசிரியர் கூற்று எழுத்து வழக்கில், மாந்தர் உரையாடல் பேச்சு வழக்கில். இவ்வமைப்பை வாசகங்கள் தயக்கமின்றி ஏற்கலாம். தமிழ்க் கல்வி குறித்துச் சிங்கப்பூரில் 2005இல் அறிக்கை தந்த மறுஆய்வுக் குழு, தரமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தமை இதற்கு வலுவூட்டுகிறது.

5. அகவையும் தேர்வும்

மேற்கண்ட அளவைகள் மொழித்திறனைப் பற்றியவை. அகவை தீர்மானிப்பது பொருளையும் நடையையும் ஆகும்.

5.1 ஐந்து முதல் எட்டு வரை. இப்பருவத்தினர்க்குத் திரும்பத் திரும்ப வரும் தொடர் சலிப்பைத் தராது, மகிழ்ச்சியையே தரும். ஒரே தொடர் ஒரு சொல் மாற்றத்துடன் பக்கந்தோறும் வரும் படக்கதைகள் இவர்க்கு ஏற்றவை. சென்னைத் துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படநூல்கள், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை நூல்கள் ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். பின்னதில் ஒரே நூல் பல இந்திய மொழிகளில் வருவதால், வங்காளத்தில் அறிந்த கதையைத் தமிழில் காணும் வாய்ப்புக் குழந்தைக்குக் கிட்டுகிறது. பெற்றோர் உரக்கப் படித்துக் காட்டுதல் இவ்வகவைக்கு இன்றியமையாதது.

5.2 ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. இடர் இங்கேதான் தொடங்குகிறது. மொழித்திறன் முதல் வகுப்பு அளவினது. அறிவு ஆறாம் வகுப்பு அளவினது. யானையும் பந்தும் பற்றிய மூன்று சொல் தொடரைத் தரும்போது, தான் சிறு குழந்தையாக மதிக்கப்படுவதாக மாணவன் உணர்கிறான். தமிழின்மீதான விலகலாக அவ்வுணர்வு உருவெடுக்கிறது. இவர்க்குத் தேவை எளிய தொடரில் அறிவுக்கு உணவு தரும் பொருள்: புதிர், நகைச்சுவைத் துணுக்கு, விளையாட்டுச் செய்தி, அறிவியல் செய்முறை, படக்கதை. 'இதைச் செய். என்ன நடந்தது? ஏன்?' என்னும் அளவுள்ள மொழியே ஒரு சோதனையை விளக்கப் போதுமானது.

5.3 பதின்மூன்று முதல் பதினேழு வரை. பின்னணியறிவு சொற்குறையை ஈடுசெய்யும் என்பது இவர்பொருட்டு நன்கு பயன்படுத்தத்தக்க உண்மை. சத்யஜித் ராயின் ஃபெலுடா துப்பறியும் கதைகள் 1965இல் 'சந்தேஷ்' இதழில் தொடங்கியவை. கொல்கத்தாவில் வளரும் எவரும் ஏதேனும் ஒரு வடிவில் அறிந்தவை. அவை தமிழிலும் நூல்களாக வந்துள்ளன. தெருவும் உணவும் மாந்தரும் தெரிந்தவையாக இருப்பின் தெரியாத சொல்லை ஊகிப்பது எளிது. இவற்றின் சில பகுதிகளைச் சுருக்கி, உரையாடல் மிகுத்துத் தரலாம். வேலூர்க் கதை ஒன்றைவிடக் கொல்கத்தாக் கதையின் தமிழ் வடிவமே இம்மாணவர்க்கு முதலில் ஏற்றது என்பது முரண்போல் தோன்றினும் மொழி கற்றல் நோக்கில் பொருத்தமுடையது. த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி முதலியோர் வங்க இலக்கியத்தைத் தமிழில் தந்த மொழிபெயர்ப்புகள் மேனிலையில் உதவும்.

5.4 வளர்ந்தோர். இவர்தம் நோக்கம் தெளிவானது, நேரம் குறைவானது. மருத்துவமனைக்குச் செல்பவர்க்குப் பதிவுச்சீட்டு, மருந்துக் குறிப்பு, வாடகை அறை, பேருந்துப் பலகை ஆகியவற்றின் மொழி முதலில் தேவை. ஆயினும் பயன் ஒன்றையே கருதும் வாசகம் பாதி வழியில் வற்றிவிடும். நோயாளியின் அருகில் இரவு முழுதும் அமர்ந்திருக்கும் இருவர், ஒருவர் தமிழர் ஒருவர் வங்காளி, பேசிக்கொள்ளும் சிறுகதை ஒன்றை முந்நூறு சொற்களுக்குள் எழுத இயலும். அதில் மேற்கூறிய பயன்சொற்கள் யாவும் இடம்பெறும். படிப்பவர்க்குத் தம் வாழ்வும் தென்படும். மேனிலையில், குறுந்தொடர்களும் அன்றாடச் சொற்களும் கொண்ட அசோகமித்திரனின் உரைநடை போன்றவை மாற்றமின்றியே பயன்படும். எளிய மொழியில் முதிர்ந்த பொருள் என்னும் வாசகத் தேவையைத் தமிழ் இலக்கியம் தானே நிறைவேற்றும் இடங்கள் இவை.

6. முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வாசகம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்து எனலாம். இந்நூல் தமிழை முன்பே பேசும் குழந்தைக்கு எழுதப்பட்டதா, பேசாதவர்க்கா? ஒரு பக்கத்தில் புதிய சொல்லும் புதிய ஒட்டும் எத்தனை? கற்போர் காதால் அறிந்த வழக்கு நூலில் எங்கேனும் ஒலிக்கிறதா? கதையின் உலகம் அவர்க்கு முன்பே தெரிந்ததா? இதே பொருளை அவர் தம் தாய்மொழியிலோ பள்ளி மொழியிலோ படிக்க நேர்ந்தால் விரும்பிப் படிப்பாரா? இறுதி வினாவுக்கு 'இல்லை' என்பது விடையாயின், முதல் நான்கில் வென்ற நூலையும் ஒதுக்கிவிடுதல் நலம்.

வித்யாசாகர் படியை அமைத்தார். தாகூர் அப்படியில் ஏற விருப்பம் உண்டாக்கினார். இரண்டாவது நூல் முதலாவதன் ஒழுங்கைக் கைவிடவில்லை என்பதே தமிழ் வாசக ஆசிரியர்கள் கருத வேண்டியது. தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு குழந்தை தமிழ் படிக்க அமர்வது நாள்தோறும் நிகழ்வதன்று. வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது. அந்த ஒரு மணி நேரத்தில் அதன் கையில் தரப்படும் பக்கம், அதன் அகவையை மதிக்கும் பக்கமாக இருத்தல் வேண்டும். இவ்வகை வாசகங்கள் அகவைக்கு ஐந்தாறேனும் எழுதப்பட்டுக் கொல்கத்தா போன்ற நகரங்களில் கற்போரிடம் படிக்கத் தந்து சோதிக்கப்படுதல் உடனடித் தேவையாகும்.